அசையாத வாத்து

"பக்கத்துல சுட்டாக்கூட பறக்க மாட்டேங்குது. இரை எடுக்கல, எதோடயும் சேரல, ஒரே இடத்துல கிடக்குது," என்று வேட்டைக்காரர் வெர்னன் போனில் சொன்னதும், பறவைநோய் அதிகாரி ப்ரொன்வின் பதறியடித்துக்கொண்டு கெராங் ஏரிக்கு வந்தாள்.

முழங்கால் சேற்றில் இறங்கி வாத்தைத் தூக்கினாள். பிளாஸ்டிக்! பறக்கும் வாத்துகளை ஏமாற்றி இறக்க வேட்டைக்காரர்கள் மிதக்கவிடும் பொம்மை.

"நாப்பது வருஷமா வேட்டையாடுறீங்க. உங்க பொம்மையே உங்களுக்குத் தெரியலையா?"

வெர்னன் தலைகுனிந்தார். "டீ ஆறிடும்மா."

கரையில் இரண்டு மடக்கு நாற்காலிகள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் ஒட்டடையை இப்போதுதான் துடைத்த ஈரம்.

ப்ரொன்வின் முகமூடியைக் கழற்றிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வாத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

"நீங்க சொன்ன அறிகுறியெல்லாம் சரியாத்தான் இருக்கு, வெர்னன். அடுத்த வாரமும் வந்து பாக்கணும்."