பின்சீட்டின் நீளம்

சிங்காரவேலு கொட்டாவி விட்டார். வராத கொட்டாவியை வரவழைத்து விட்டார்.

“இருக்கிறதிலேயே பெஸ்ட் மாடல் சார் இது” என்றான் கோதண்டராமன். மெட்ராஸ் கார் கம்பெனியின் ஏஜெண்டு. செஞ்சி பஜாரில், சிங்காரவேலுவின் மணிலாக்கொட்டை மண்டி வாசலில் காரை நிறுத்திவிட்டு, காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் கையில் விரித்திருந்த தாளில் மூன்று மாடல்களின் படம். வாத்தியார், குமாஸ்தாகூட ஆசைப்பட்டுப் பார்க்கிற விலை. இஞ்சின் எப்படி, எத்தனை மைல் கொடுக்கும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினான்.

சிங்காரவேலுவுக்கு அதெல்லாம் வேண்டாம். பின்சீட்டு எவ்வளவு நீளம் என்று தெரிந்தால் போதும்.

மண்டிக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே அவர் மனைவி மனோரமா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். வயிற்றில் கட்டி. இந்த வாரத்துக்குள் கொண்டுவந்தால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், அதற்கப்புறம் கொண்டுவந்து பிரயோஜனமில்லை என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் நாளையோடு முடிகிறது.

பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மயங்கிவிட்டாள். உட்கார முடியாதவளை உட்கார வைத்துக் கொண்டுபோனால் வேறென்ன ஆகும்?

திண்டிவனத்திலிருந்து டாக்சி வரவழைத்தார். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே வந்து பீடி பற்றவைத்தான்.

“வழியில இன்னாவது ஆயிட்டா நான்தான் பதில் சொல்லணும், மொதலாளி” என்று சொல்லிவிட்டு, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சொந்த வண்டி என்றால் எவன் வரமாட்டேன் என்பான்? அன்றைக்கே கார் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். ஓட்டுவதற்கு லாரி டிரைவர் பாவாடையையும் சொல்லி வைத்தாயிற்று.

ஆனால் அவசரத்தை வெளியே காட்டக் கூடாது. வாங்குகிறவன் தவிக்கிறான் என்று தெரிந்தால் விற்கிறவன் பிடியை இறுக்குவான். மண்டியில் உட்கார்ந்து தலை நரைத்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் நோயாளி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. குடும்பத்தோடு மேல்மலையனூர் கோவிலுக்குப் போய்வரத்தான் கார் என்று சொல்லியிருந்தார்.

இடுப்பிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். மனோரமாவை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்து முடிச்சுப் போட்டது. அளக்கும்போது அவர் தங்கை ராஜாம்பாள் பார்த்துவிட்டாள்.

“உசுரோட இருக்கிறவள யாருனா கவுறு போட்டு அளப்பாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்கதவைத் திறந்து, சீட்டின் மேல் கயிற்றை நீட்டிப் பிடித்தார்.

“எதுக்கு சார் அளக்கறீங்க?”

“கவர் தைக்கணும்ல.”

சீட்டு ஒரு சாண் குறைந்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் படுக்கலாம். படுக்கலாம்! சந்தோஷத்தை மறைக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“கட்டையாத்தான் இருக்குது. போவட்டும், இதையே குடுத்துட்டுப் போ தம்பி. பணத்த இப்பவே வாங்கிக்க.”

கோதண்டராமன் சிரித்துவிட்டான். “இது காட்டுறதுக்குக் கொண்டாந்த வண்டி சார். முன்னாடியே பதிஞ்சவங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க. இன்னிக்கு உங்க பேரைப் பதிஞ்சா, வண்டி கைக்கு வர நாலஞ்சு வருஷம் ஆகும்.”

நாலஞ்சு வருஷம்! சிங்காரவேலுவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அவன் காலில் விழுந்தாலும் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது.

ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான்.

“அப்ப எனக்கு வேணாம்” என்று முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார்.

இப்படி நடந்தால் கூப்பிடுவார்கள். பஜாரில் எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். மெதுவாக நடந்தார். இன்னும் மெதுவாக நடந்தார்.

கூப்பிடவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இஞ்சின் உறுமியது.

“தம்பி!”

குரல் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. மனோரமா நின்றுகொண்டிருந்தாள். பாதி உடம்பு ராஜாம்பாள் தோளில் கிடந்தது. வலியில் உதடு வெளுத்திருந்தது.

“இந்த வண்டிய இப்போ எங்க ஓட்டினு போற?”

“மெட்ராசுக்குத்தாம்மா.”

“பின்னால யாருனா குந்தினு வராங்களா?”

“இல்லியேம்மா.”

“நான் பெரியாசுபத்திரிக்குப் போவணும், தம்பி. படுத்துனு வந்துடுறேன். இவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு.”

கோதண்டராமன் அவளைப் பார்த்தான். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். பின்கதவைத் திறந்தான். சீட்டில் கிடந்த தன் பெட்டியைத் தூக்கி முன்னால் போட்டான்.

“காலையிலயே சொல்லியிருந்தா, இந்நேரம் ஆஸ்பத்திரியில சேத்திருக்கலாமே சார்” என்றான்.

சிங்காரவேலு கை கூப்பத்தான் நினைத்தார். மகராசனாக இரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“எவ்ளோ கேக்கற?” என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.