கயிறு விழுந்த பிறகு

தீவுக்கு எந்தக் கப்பல் வந்தாலும் "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிறு வீச வேண்டும். காவலுக்கு வரும் பெரிய நாட்டுப் போர்க்கப்பல் மட்டும் வீசிவிட்டுக் கேட்கும். அவ்வளவு நெருங்கிய உறவாம்! துறைமுக அதிகாரி கஸ்பாரும் பதினெட்டு வருஷமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கட்டிவிடுவார்.

நேற்று நாடாளுமன்றம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முடிவெடுத்தது: அரசு அனுமதி தராமல் எந்தக் கப்பலையும் கட்டக் கூடாது.

இன்றும் கயிறு கஸ்பாரின் காலடியில் வந்து விழுந்தது. உள்ளங்கையை மூன்றாவது முறையாகச் சட்டையில் துடைத்தார்.

"என்னண்ணே, ஒரு ஓட்டு இவ்வளவு பெரிய கப்பலைத் தாங்குமா?" என்றாள் மீன் விற்கும் ரெபேக்கா.

மேலிருந்து மாலுமி சிரித்தபடி கையசைத்தான். "வரலாமா?"

"கொஞ்சம் பொறுங்க. கேட்டுச் சொல்றேன்."

மாலுமியின் கை அந்தரத்திலேயே நின்றது. கப்பல் கரையை நோக்கி நகர்ந்துகொண்டேயிருந்தது.