வாசலில் மாட்டிய படம்

நாகர்கோவிலில் பதினைந்து வருடம் ஓவியக் கூடம் நடத்திய அஜிதா, முதல்முறையாக நவீன ஓவியச் சந்தைக்கு இயக்குநராகியிருந்தாள். திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் கமிட்டிச் செயலாளர் ஆன்ட்ரூஸ் ஓடி வந்தார்.

“மேடம், குளச்சல் செசிலி வரஞ்ச படத்த மட்டும் எடுத்திருவோமா?”

“எதுக்கு?”

“படச்சுருளோட நிக்கிற மீன்காரப் பொண்ண, ஒரு முதலாளியம்மா மூக்கப் பொத்திக்கிட்டு வெரட்டுறா. அது யாரு மொகம்னு பாத்ததும் தெரியுது. கலெக்டர் வாராரு. அவங்க மானம் போயிருமே!”

“போகட்டும்.”

“கமிட்டியில எல்லாரும் எடுக்கச் சொல்லுதாங்க.”

“அப்ப வேற டைரக்டர பாத்துக்கிடுங்க. நான் இருக்கது வரைக்கும் அது எறங்காது. பின்சுவத்துல இருந்து எடுத்து வாசல்ல மாட்டுங்க!”

மாட்டினார்கள். அஜிதா அதன் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்று விருந்தினரை வரவேற்றாள். வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலாளியம்மாவுக்கு அப்படியே அஜிதாவின் முகம்.

செசிலி தயங்கியபடி அருகில் வந்தாள்.

“எடுத்திருவீங்கன்னு நெனச்சேன்க்கா.”

“அன்னைக்கு என் ஓவியக் கூடத்து வாசல்லருந்து உன்ன வெரட்டினேன். இன்னொருக்கா வெரட்ட மாட்டேன், மக்கா.”