குழாயில் வராத தண்ணீர்

"கண்ணுல ஈரம் இருக்கிற ஆளாப் பார்த்து முன்னாடி உக்கார வைங்க. இல்லேன்னா..."

நாற்காலியை ஒப்படைத்த அன்று பழைய அதிகாரி சொன்னது. இல்லையென்றால் என்ன ஆகும் என்பது மட்டும் குடிநீர் அலுவலகத்தின் புது அதிகாரிக்கு மறந்துபோயிருந்தது.

அப்படித்தான் புகார் வாங்கும் மூன்று ஜன்னல்களில் மூணாவதற்கு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டார். சோடை போகவில்லை. 'என் கஷ்டத்தைக் கேட்டுக் கண் கலங்கின ஒரே பொண்ணு' என்று அலுவலகக் கருத்துப் பெட்டியில் பாராட்டுக் கடிதங்கள் விழுந்தன.

ஆறு மாதம் முடிந்துவிட்டது. அவளை நிரந்தரமாக்கும் கோப்பில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது, தலைமை எழுத்தர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"குழாய்ல வராத தண்ணி அந்தப் பொண்ணு கண்ணுல எப்படி வருதுன்னு கண்டுபிடிச்சுட்டேன் சார்."

"எப்படியாம்?"

"பாட்டில்லேர்ந்து. ஆள் வந்து உக்காந்ததும் 'ஒரு நிமிஷம்'னு திரும்பி, அண்ணாந்து, ரெண்டு கண்ணுலயும் விட்டுக்குது. இந்தப் பக்கம் திரும்பும்போது கன்னத்துல வழியுது. சினிமாக்காரங்க தோத்தாங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "வரச் சொல்லுங்க."

வந்து நின்றாள்.

"ஏம்மா, பாட்டில் வெச்சு அழறியாமே?"

"அழலை சார். சாஃப்ட் லென்ஸ் போடறேன். கம்ப்யூட்டரையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா இமைக்க மறந்துடுது. கண்ணு காய்ஞ்சு, மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். லென்ஸோடயே விட்டுக்கலாம்னு டாக்டர் கொடுத்த சொட்டு."

"கண்ணாடி போட்டா அழகு குறைஞ்சுடுமோ?" என்றார் தலைமை எழுத்தர்.

"சோடா புட்டிக் கண்ணாடி சார். பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போனா அதுதான்."

"சரி, அதென்ன கணக்கா ஆள் வரும்போது மட்டும்?" அதிகாரி விடவில்லை.

"விட்டா ரெண்டு நிமிஷம் எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியும் சார், டைப் அடிக்க முடியாது. ஆள் இல்லாதப்ப பழைய புகாரை ஏத்தணும். அதான் ஆள் வந்ததும் விட்டுப்பேன். அந்த ரெண்டு நிமிஷம் அவங்க மூஞ்சியப் பார்த்துக் கேட்டுக்கிட்டு இருப்பேன். வேற என்ன செய்ய முடியும்?"

"ஆக, இரக்கம் கிரக்கம் ஒண்ணும் கிடையாது?"

"முதல்ல கிடையாது சார்." மறைக்காமல் சொன்னாள். "கேக்கக் கேக்கத்தான். எல்லாரும் 'தண்ணி வரல'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. பேச விட்டா, 'ரோட்டைத் தோண்டின அன்னிலேர்ந்து'ன்னு அவங்க வாயாலயே வந்துடும். எந்த வால்வைத் திறக்க மறந்துட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுடும்."

அதிகாரி புகார்ப் பட்டியலைத் திரையில் தேடி எடுத்தார். முதல் இரண்டு ஜன்னல்களுக்கும் ஒரே புகாரோடு மூன்று தடவை நடந்தவர்கள் ஏராளம். மூணாம் ஜன்னலுக்கு இரண்டாம் தடவை வந்தவர்கள் நாலே பேர்.

தலைமை எழுத்தரும் எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா," என்றார் அதிகாரி.

"போன மாசமே சொன்னேன் சார். இதே இடத்துல நின்னு, டாக்டர் சீட்டைக் கூடக் காட்டினேன். நீங்க கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே 'சரி, சரி'ன்னீங்க."

அதிகாரி அப்போதுதான் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். அவள் கண்ணோரம் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னார்.

கோப்பில் கையெழுத்துப் போட்டார். கூடவே ஓர் உத்தரவும் எழுதினார்: ஆள் வந்து உட்கார்ந்தால் முதல் இரண்டு நிமிடம் திரையை அணைத்து வைக்க வேண்டும், மூன்று ஜன்னல்களிலும், அதற்கு முன்பாக அதிகாரியின் அறையிலும்.