எலி கொடுத்த ஐடியா

"யாருங்க இதை டிசைன் பண்ணது?"

காரிலிருந்து பாதி இறங்கியபடியே கேட்டார், சினிமா காஸ்ட்யூம் டிசைனர்.

மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் போட்டிருந்த சட்டையில் ஒரு கை நீலம், இன்னொரு கை சிவப்புக் கோடு. பாக்கெட் சரிந்து தோள் பக்கம் ஏறியிருந்தது.

"எலிங்க."

"எலியா? புனைபெயரா அது? தெருக் கலைஞரா?"

"நிஜ எலிங்க. பழைய கையைக் கடிச்சுக் குதறிடுச்சு. கிடைச்ச துண்டை வச்சு மாத்திட்டேன்."

டிசைனருக்குக் கண் கலங்கியே விட்டது. தெருவில் வளர்ந்த ஹீரோயினுக்கு உடை தேடி, நாலு நாட்டு மியூசியம், எட்டு ஓவியக் கண்காட்சி எல்லாம் தயாரிப்பாளர் செலவில் பார்த்தாயிற்று. பொறி மட்டும் தட்டவில்லை. "தெருவுல இறங்குங்க மேடம், இன்ஸ்பிரேஷன் அங்கேதான் இருக்கு" என்று டைரக்டர் கெஞ்சியதால், இன்றுதான் இறங்கியிருக்கிறார். அதுவும் பாதி.

"மூணு மாசமா தூக்கமே இல்லம்மா. ஒண்ணுமே தோணலை. இதுல என்ன ஒரு கோபம்! என்ன ஒரு எதிர்ப்பு!"

"கோபம்னா... எலி மேல கொஞ்சம் இருந்துச்சுங்க."

நாற்பது போட்டோ எடுத்தார். பாக்கெட்டை ஏன் சரித்தாள், கைத்துணியை எந்த வாட்டத்தில் வெட்டினாள் என்று துருவித் துருவிக் கேட்டார். அக்கா ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் கேட்ட மேடம், அவள் பெயரை மட்டும் கேட்கவில்லை.

கார் போனதும், பக்கத்தில் டூப்ளிகேட் சாவி போடுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பூட்டைத் திறந்து விட்டதும் இல்லாம, டார்ச் வேற அடிச்சுக் காட்டறியே!"

படம் வந்தது. கதையை யாரும் பேசவில்லை, சட்டையைப் பேசினார்கள். துணிக்கடை பொம்மைகள்கூட அதே சட்டையில் நின்றன.

பத்திரிகைப் பேட்டியில் டிசைனர் உருகியிருந்தார்: 'அது என் ஆழ்மனசிலிருந்து வந்தது. ஒரு கனவு மாதிரி.'

சாவிக்காரர் பொங்கிவிட்டார். 'டிசைன் அக்காவுடையது' என்று மனு எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினார். கடைசியில் ஒரு டிவி நிருபரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தெருவே கூடி நிற்க, மைக் நீண்டது.

"சொல்லுங்கம்மா, அந்த டிசைன் உங்ககிட்டேயிருந்து திருடினதுதானே?"

"பயப்படாம சொல்லும்மா! நாங்க இருக்கோம்!" என்றார் சாவிக்காரர்.

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இல்லீங்க. அது அவங்க டிசைன்தான்."

கூட்டம் 'த்சு' கொட்டிக் கலைந்தது. நிருபர் எரிச்சலோடு வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

"என்ன குடுத்து வாயை அடைச்சாங்க?" சாவிக்காரர் கத்தினார். "நியாயம் கேட்டு நான் நாய் மாதிரி அலையறேன். நீ விலை போயிட்டியே!"

"மெதுவா பேசுங்கண்ணே." அக்கா இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எலி கடிச்சது நெசம். ஆனா இந்த மாதிரி கை மாத்தற யோசனை என்னுதில்ல. அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு படம் பார்த்தேன். அதுல ஹீரோயினோட தங்கச்சி இப்படித்தான் போட்டிருந்தா. அதைப் பார்த்துத்தான் தச்சேன். நான் தையக்காரி இல்லையா? படம் முடிஞ்சு பேர் ஓடறப்ப, உடை யாருன்னு பார்க்காம எழுந்திரிக்க மாட்டேன். அன்னிக்கு ஓடினது இதே மேடம் பேர்தான். பத்திரிகையில போட்டோவும் பார்த்திருக்கேன், கார்லேர்ந்து இறங்கினதுமே தெரிஞ்சுபோச்சு."

சாவிக்காரர் வாயைப் பிளந்தார்.

"அப்ப அதை அன்னிக்கே அவங்ககிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்படிண்ணே சொல்றது? ஒண்ணுமே தோணலைன்னு கண்ணு கலங்கி நிக்கறவங்ககிட்ட, 'இது உங்க பழைய சரக்குதான்'னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா? தெருவுல புதுசா கண்டுபிடிச்சதா நினைச்சு சந்தோஷமா போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

அக்கா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

"பாவம், போட்டுவிட்டவங்களுக்கே மறந்துபோச்சு. அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்தது நான் ஒருத்திதான் போலிருக்கு!"