கையில் மிஞ்சிய மணி

"பீர் வரட்டும். நல்லா ஜில்லுனு வரட்டும்."

ஊர்க் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று ஃபிலமோன் இப்படிச் சொன்னதும், டெல்ஃபினாவுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சொன்னது அவள் கட்டின புருஷன். உழவு மாடு இரண்டையும் குடித்தே தீர்த்தவன். போன டிசம்பரில் குவாதலூப்பே மாதா முன்னால் மண்டி போட்டு, ஒரு வருஷத்துக்குத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மாதாவிடம் பொய் சொல்லும் தைரியம் அந்த ஊரில் எந்தக் குடிகாரனுக்கும் கிடையாது. சொன்னபடியே இருந்தான்.

ஆனால் சத்தியம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. அதற்குப் பிறகு அவனுக்கும் குடிக்கும் நடுவே இருக்கப்போவது மலைப்பாதை ஒன்றுதான். பீர் வேண்டுமென்றால் கீழே சந்தை ஊருக்கு இறங்கிப்போக வேண்டும்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்துவிட்டது.

ஊருக்குப் பொதுவாக ஒரு மளிகைக் கடை உண்டு. நடத்துவது டெல்ஃபினா. பீர் வாங்கக் கீழே போகிறவர்கள் சர்க்கரை, சோப்பு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி வந்துவிட, கடையில் ஈ ஓட்டும்படி ஆயிற்று. நாமும் பீர் விற்றால் என்ன என்று கிளப்பியவர் ஊர்த் தலைவர் எவோதியோ. மாட்டேன் என்று டெல்ஃபினா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஊரே முடிவு செய்யட்டும் என்று கூட்டத்துக்கு விட்டுவிட்டார்கள்.

பாதிப் பேர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஃபிலமோன் எழுந்தான். எழுந்தவன் உட்காரவும் இல்லை.

"பீர் மட்டும் போதுமா தலைவரே? மெஸ்கல் சாராயமும் வைக்கணும். காலைல விடிஞ்சதும் கடையைத் திறந்துடணும், மத்தியானம் வரைக்கும் யாரு தாங்குறது? கடனுக்கும் குடுங்க. சோளம் அறுத்ததும் தந்துடுறோம்."

சிலர் சிரித்தார்கள். எவோதியோ சிரிக்கவில்லை.

"வாசல்ல ஒரு பெஞ்சு போட்டுடுங்க. எதிர்ல பள்ளிக்கூடத்து மரம், நல்ல நிழல். குடிச்சுட்டு அங்கேயே சாஞ்சுக்கலாம்."

இப்போது யாருமே சிரிக்கவில்லை. "போதும், உக்காருப்பா" என்றார் எவோதியோ.

பக்கத்து வீட்டு ப்ரிஸ்கா டெல்ஃபினாவின் காதோரம் குனிந்தாள். "சத்தியம் முடியல, அதுக்குள்ள உன் ஆளுக்கு நாக்கு ஊறுது பாரு."

"அது திருந்தாத ஜென்மம்க்கா. எங்க வீட்லயே ஒரு ஓட்டு போச்சு" என்றாள் டெல்ஃபினா. அழுகையை அடக்க அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஓட்டுப் போடுவது அங்கே பழைய முறைதான். ஆளுக்கு ஒரு சோள மணியும் ஒரு கறுப்பு மொச்சையும் கொடுப்பார்கள். பீர் வேண்டும் என்பவர் சோளத்தையும், வேண்டாம் என்பவர் மொச்சையையும் துணி மூடிய பானைக்குள் போட வேண்டும். மிஞ்சியதை மூடின கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். என்ன மிஞ்சியது என்று கேட்பது, பாதிரியாரிடம் என்ன பாவம் சொன்னாய் என்று கேட்பதற்குச் சமம். யாரும் கேட்க மாட்டார்கள்.

பானையை மேஜையில் கவிழ்த்தார்கள். மஞ்சள் ஒரு பிடி. கறுப்பு அதைவிட நன்றாகவே கூட.

டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மாதாவுக்கு மனசுக்குள் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

வெளியே வரும்போது ரொகேலியோ அவளை நிறுத்தினான். கீழூரிலிருந்து பீர் பெட்டிகளை ஏற்றிவரத் தன் வண்டியையே தருவதாகச் சொல்லியிருந்தவன்.

"சோளத்தைப் போடத்தான் வந்தேன் மதினி. அண்ணன் பேசினதைக் கேட்டதும் குடிச்சே செத்த என் தம்பி ஞாபகம் வந்துடுச்சு. அவனும் இப்படித்தான் கேப்பான்."

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். ஊர் காப்பாற்றிவிட்டது, புருஷன்தான் கழுத்தறுத்தான் என்று நெஞ்சு கொதித்தது. வழி நெடுகத் திட்டித் தீர்த்தாள். மானம் போச்சு என்றாள், மாதாவுக்கே அடுக்காது என்றாள். ஃபிலமோன் மூடின கையோடு பின்னாலேயே வந்தான்.

முற்றத்தில் கோழி ஓடிவந்தது. அவன் கையைத் திறந்து உதறினான். கோழி ஒரே கொத்தில் விழுங்கிவிட்டு, இன்னும் உண்டா என்று நிமிர்ந்து பார்த்தது.

டெல்ஃபினா அப்படியே நின்றுவிட்டாள். அவள் கோழி வேகாத மொச்சையைச் சீண்டக்கூடச் சீண்டாது.

கேட்கக் கூடாததை அவள் கேட்டாள். "கையில மிஞ்சினது சோளமா?"

"ஆமா."

"அப்போ பானையில..."

"மொச்சை."

"பின்ன எதுக்குய்யா அந்தப் பேச்சு? ஊரே உன்னைக் காறித் துப்புது."

ஃபிலமோன் படியில் உட்கார்ந்தான்.

"மூணு வாரத்துக்கு அப்புறம் என்னை நானே நம்பல டெல்ஃபினா. பீர் வேண்டாம்னு நான் எந்திரிச்சுச் சொன்னா, குடிகாரன் புத்தி சொல்ல வந்துட்டான்னு சிரிச்சிருப்பாங்க. அதான் பீர் வந்தா ஊரு என்ன ஆகும்னு, நானே எந்திரிச்சு நின்னு காட்டிட்டேன்."