சைக்கிள் நுழையணும்

“விலை கைக்கு எட்டணும். உள்ள ஒரு சைக்கிள் நுழையணும். வேற எதுவும் வேண்டாம்” என்றார் டாக்டரம்மா, பழைய கார் விற்பவரிடம்.

ஊருக்கு வரும் பேரனுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் டிரைவர். அளவு பார்க்க டிரைவருடைய சைக்கிளையே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

முதல் பழைய காரில் ஹேண்டில்பார் இடித்தது. இரண்டாவதில் கதவு மூடவில்லை. மூன்றாவது பெயிண்ட் உதிர்ந்த கார். பின் சீட்டை மடக்கியதும் சைக்கிள் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

“டிரைவர், ஓட்டிப் பார்க்கறீங்களா?” என்றார் விற்பவர்.

“நானே ஓட்டிப் பார்க்கறேன். என் கைக்குத்தான் வரணும்” என்றார் டாக்டரம்மா.

தன் வேலை போச்சு என்று நினைத்தார் டிரைவர். மூன்று மாதமாக டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே!

காரை வாங்கியாயிற்று. டிரைவர் சைக்கிளை இறக்கப் போனார்.

“அது இருக்கட்டும். முன்னாடி ஏறுங்க, உங்களை வீட்ல விட்டுடறேன்.”

“எதுக்கும்மா? நான் மிதிச்சே போயிடுவேன்.”

“பதினெட்டு வருஷமா என்னை உட்கார வச்சு ஓட்டிட்டு, வீட்டுக்கு அந்த மேட்டுல மிதிச்சுத்தானே போறீங்க. உங்க முட்டி எக்ஸ்ரேயைப் பார்த்தவ நான். இனிமே பகல்ல நீங்க ஓட்டுங்க, சாயங்காலம் நான் ஓட்டறேன்.”

“காலைல வர்றதுக்கு?”

“காலைல இறக்கம்தானே? அதுக்குத்தான் சைக்கிளும் கூட வருது.”

டிரைவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

“கிளட்சை மெதுவா விடுங்கம்மா” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.